ரெண்டு ராத்தல் கல்லும் திங்கக்கிழமைக் கடையும்

1

மேலூர்ப் பக்கத்துல இதைப் படிக்கிற எல்லாருக்கும் பசறையில இருந்து ஒரு கும்பிடு. பசறை எங்க இருக்குன்னு கேக்குறவங்க பதுளைக்கு வந்து, அங்கேருந்து வண்டிமாடு நின்னு நம்மளத் திரும்பிப் பாக்குற வரைக்கும் மலையில ஏறணும். ஏறி இறங்கினா ஒரு கடைவீதி. அதுல எந்தக் கடைக்குள்ள இருந்து கருவாட்டு வாசனையும் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வருதோ, அது என் கடை.

இந்த ஐப்பசியோட நான் வந்து இருபத்தஞ்சு வருஷம். தூத்துக்குடியில கப்பல் ஏறினப்ப மத்தவன் மூட்டையில முறுக்கு இருந்துச்சு, அதிரசம் இருந்துச்சு. என் மூட்டையில ரெண்டு வேட்டி, ஒரு சொம்பு, ரெண்டு ராத்தல் எடையுள்ள ஒரு இரும்புக் கல்லு. பக்கத்துல படுத்திருந்த ஆளு தூக்கிப் பாத்துட்டு, "கடல்ல விழுந்தா சீக்கிரம் போய்ச் சேரட்டும்னா தம்பி?"ன்னு கேட்டான். கொழும்பு வர்ற வரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டே அந்தக் கல்லைக் கட்டிப் பிடிச்சிருந்தேன். கப்பல்ல ஆடாம இருந்த ஒரே பொருள் அதுதான்.

கல்லைக் குடுத்தது என் தாய்மாமா. சந்தைப்பேட்டையில கடை வச்சிருந்தாரே, உங்கள்ல பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்கும். சாமான் நிறுத்துப் பொட்டலம் கட்டுறதுக்கு முன்னால ஒரு பிடி அள்ளி மேல போட்டு, "இந்தா, கொசுறு"ன்னு சொல்லுவாரு. பொட்டுக்கடலை வாங்கப் போன பிள்ளைங்க அந்தப் பிடியைத் தின்னுக்கிட்டே வீட்டுக்குப் போகும். அந்தப் பிள்ளைங்கள்ல நானும் ஒருத்தன். இங்க பனி விழுற காலையில கடை திறக்கிறப்பல்லாம் எனக்கு ஊர்னா முதல்ல நெனப்பு வர்றது கோயிலும் இல்ல, கம்மாயும் இல்ல. மாமாவோட அந்தக் கை. தராசுத் தட்டுக்கு மேல வந்து விரியும்.

கிளம்புற அன்னிக்குக் கல்லை என் கையில வச்சு, "இது இருக்கிற வரைக்கும் நீ நஷ்டப்பட மாட்டே மாப்பிள்ளை"ன்னாரு. நான் கால்ல விழுந்து கும்பிட்டேன். ஆசீர்வாதம்னு நெனச்சேன்.

நிறுக்கிற நேரம் போக, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தேன். வருஷா வருஷம் ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. பிள்ளைங்க தொடக் கூடாது.

2

ஊருக்குத் திரும்புறதுன்னு ஒரு வேலை எனக்கு இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா அடுத்த வருஷம் அதைச் செய்யப் போறேன். அதுக்குன்னே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. "அந்தப் பெட்டி உங்களுக்கு முன்னால போயிடும், துருப்பிடிச்சு"ன்னு என் சம்சாரம் மீனாட்சி சொல்லுவா. நான் போனா கடையை யாரு பாக்குறது? மகன் சண்முகத்துக்குப் பதிமூணு. மக சிவகாமிக்குப் பதினொண்ணு. சண்முகத்தைத் தயார் பண்ணிட்டா நான் கப்பல் ஏறிடலாம்னு கணக்குப் போட்டு, விளையாட்டுக் கடைன்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சேன்.

ஞாயித்துக்கிழமை தேயிலைத் தோட்டத்துக்கு லீவு. லயத்து ஆளுங்க, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல இருக்கிறவங்க, எல்லாம் சாமான் வாங்கக் கடைவீதிக்கு வந்துருவாங்க. திங்கக்கிழமை மத்தியானம் ஈ ஓட்டக்கூட ஈ இருக்காது. அப்ப பின் தாழ்வாரத்துல பிள்ளைங்க கடை போடணும். வாரம் ஒருத்தர் மொதலாளி, மத்தவங்க வாங்குற ஆளுங்க. பக்கத்துக் கடைக் காசிம் நானா பிள்ளைங்களும் வரும். தேயிலைக் கொட்டைதான் காசு. ரெண்டு சிரட்டையைக் குச்சியில கட்டினா தராசு. செம்மண்ணு மிளகாய்த்தூள், கூழாங்கல்லு வெங்காயம், காஞ்ச இலை கருவாடு.

கடை கட்டினதும் எல்லாரும் வட்டமா உக்காரணும். நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன்: "இன்னிக்குக் கடையில என்ன பாத்தே?" விக்கிறதை விட, வித்ததை நெனச்சுப் பாக்குறதுலதான் வியாபாரம் வரும்னு நானே கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்ச நான் அதை ஒரு நாளும் செஞ்சது கிடையாது. வாத்தியாருக்கு அது அவசியமில்ல.

சண்முகம் மொதலாளியா இருந்த முதல் திங்கக்கிழமை, அரை மணி நேரத்துல கடையைக் காணோம். சரக்கு வச்சிருந்த பலகையைக் கவுத்துப் போட்டு, அடியில நாலு உருளைக்கட்டையைக் குடுத்து மோட்டார் பஸ் ஆக்கிட்டான். பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு "பதுளை, பதுளை, பதுளை"ன்னு கத்துறான். ஆளை எண்ணுறது சிங்களத்துல. எக்காய், தெக்காய், துனாய்.

"என்னடா பாத்தே கடையில?"ன்னு கேட்டேன்.

"கடையில நின்னா ஆளு நம்மகிட்ட வரணும்ப்பா. மோட்டார்னா நாம ஆளுகிட்டப் போகலாம்."

அதுல தப்புக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. இன்னும் கண்டுபிடிக்கல.

அடுத்த வாரம் சிவகாமி முறை. அவ கடை போடுறதுக்கு முன்னால ஆத்தோரம் போய் கல்லுப் பொறுக்கிட்டு வந்தா. நானா வீட்டு ரெண்டு ராத்தல் எடைக்கல்லை வாங்கி, அதுக்குச் சமமா வர்ற வரைக்கும் தன் கல்லைச் சுத்தியலால கொத்திக் கொத்தி எடுத்தா. என் கல்லைத்தான் தொடக் கூடாதே. நானாவும் சும்மா குடுத்துட்டாரு. அவரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுற மனுசன். அதுல மூணு சலாம்.

எனக்கு அன்னிக்கு ஊர் நெனப்பு வந்துருச்சு. "கொசுறு போடு பாப்பா"ன்னேன்.

"கொசுறுன்னா என்னப்பா?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மேலூர்க்காரன் மக கேக்குற கேள்வியா இது? ஆனா அவ எங்க பாத்திருப்பா? என் கடையில நான் கொசுறு போட்டதில்ல. லயத்து ஆளுங்க கேக்க மாட்டாங்க, நானும் குடுக்க மாட்டேன். மாமா கொசுறு குடுத்தாரு, நான் தமாஷ் குடுத்தேன். அது கொள்முதல் இல்லாத சரக்கு. நான் மாமா கதையைச் சொன்னேன். பிள்ளைங்க எல்லாம் வாயைத் தொறந்து கேட்டுச்சு. சிவகாமி மட்டும், "அவ்வளவும் சும்மா குடுத்தா அவருக்கு எப்படிப்பா கட்டும்?"ன்னா.

"மனசு பாப்பா. மனசு பெருசு."

வட்டமா உக்காந்ததும் கேள்வி கேட்டேன். என்ன பாத்தே?

"நேத்துக் கடையில நீங்க நிறுத்து வச்ச ரெண்டு ராத்தல் வெங்காயத்தை எடுத்து என் கல்லுல வச்சுப் பாத்தேன். ஒரு பிடி குறையுதுப்பா."

"உன் கல்லு ஆத்துக் கல்லு. தண்ணி குடிச்சிருக்கும்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா, கொஞ்சம் லேட்டா.

3

அப்புறம்தான் சர்க்கார்ல இருந்து ஒரு காயிதம் வந்துச்சு. கடைக்காரங்க எல்லாம் எடைக்கல்லைக் கொண்டுவந்து முத்திரை குத்திக்கணுமாம். முன்னெல்லாம் தராசை மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க. இந்தத் தடவை கல்லெல்லாம் வரணும். வெள்ளிக்கிழமை காலையில கோணியில கட்டிக்கிட்டுப் பதுளைக்கு வண்டி ஏறினேன். "நான் வரலைன்னா ஞாயித்துக்கிழமை கடை திறக்காதே"ன்னு மீனாட்சிகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்.

ஆபீஸ் பேரு வேணாம். ஆபீஸ்னா எல்லாம் ஒரே ஆபீஸ்தான். வெள்ளிக்கிழமை பூரா பெஞ்சில உக்கார வச்சு, நாளைக்கு வான்னாங்க. சனிக்கிழமை கூப்பிட்டாங்க. கண்ணாடி போட்ட கிளார்க்கு யாழ்ப்பாணத்துக்காரரு. அவரு பேசுறதும் தமிழ், நான் பேசுறதும் தமிழ். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் போட்டா நல்லாயிருக்கும்.

"உம்முடைய நிரந்தர விலாசம் என்ன?"

மேலூரைச் சொன்னேன்.

"இஞ்ச எவ்வளவு காலமா இருக்கிறீர்?"

"இருபத்தஞ்சு வருஷங்க. தற்காலிகமா."

அவரு பேனாவைக் கீழ வச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் பசறைன்னு எழுதிக்கிட்டாரு.

கல்லெல்லாம் ஒவ்வொண்ணா தராசுல ஏறி இறங்குச்சு. மாமா கல்லு முறை வந்தப்ப நான் கொஞ்சம் பெருமையாக்கூட நிமிந்து நின்னேன், சந்தனம் எல்லாம் அப்படியே இருக்கே. தட்டு மேல போயிருச்சு. கிளார்க்கு கல்லைக் கவுத்தாரு. அடியில அழுக்கு மாதிரி கருப்பா ஒரு வட்டம். பேனாக்கத்தியால சுரண்டினாரு. அரக்கு. கரி பூசின அரக்கு உருண்டையா வந்து மேசையில விழுந்துச்சு. உள்ள குழி. கட்டைவிரல் போற அளவுக்கு.

"இது கல்லோ, வெறுங் கோதோ? ஆர் உமக்குத் தந்தது?"

"மாமாங்க."

"நல்ல மாமா."

இதுக்கு முத்திரை கிடையாது, இனிமே கடையில கண்டா தண்டம்னு சொல்லிக் கையில குடுத்துட்டாரு. பதுளைக் கடையில புதுசா ஒரு ரெண்டு ராத்தல் வாங்கி முத்திரை குத்தி முடிக்கிறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. பாதையில மண்ணு சரிஞ்சு வண்டி நின்னு போச்சு. கோயில் மடத்துல தங்கிட்டு, ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கோணியைத் தோள்ல போட்டு நடந்தேன். நல்ல கல்லெல்லாம் தோள்ல. மாமா கல்லு மடியில.

நடந்தா யோசனை வருது, அதான் நடக்குறதுல உள்ள கஷ்டம். "அவ்வளவும் சும்மா குடுத்தா அவருக்கு எப்படிப்பா கட்டும்?" இப்படித்தான் கட்டுச்சு, பாப்பா. தட்டுல ஒரு பிடி குறையும், கையில ஒரு பிடி வரும். ஊரே தர்மராசான்னு சொல்லும். நான் தின்ன பொட்டுக்கடலையெல்லாம் எங்க ஆத்தா காசு குடுத்து வாங்கினதுதான். அதுக்கு அவருக்கு நன்றி வேற சொல்லியிருக்கேன். மாமாவாவது எடுத்ததைத் திருப்பிக் குடுத்தாரு. நான் கொசுறும் போடல. அது என்கிட்டயே நின்னு போச்சு.

எனக்குத் தெரியாதான்னு கேட்டா, தெரியாது. ஆனா இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அந்தக் கல்லோட அடியைத் திருப்பிப் பாத்ததில்லைங்கிறது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருக்கு.

வழியில ஒரு பாலம். கீழ தண்ணி செவப்பா ஓடுது. போட்டுட்டா முடிஞ்சுது, யாருக்கும் தெரியப் போறதில்ல. புதுக் கல்லு, புது முத்திரை, பழைய பேரு. கடைக்காரனுக்கு இருக்கிறது பேரு ஒண்ணுதானே. கையை ஓங்கிட்டேன். அதுக்குப் பொட்டு வச்ச கை, விட மாட்டேங்குது. மறுபடி மடியில கட்டிக்கிட்டு, வாயைத் தொறக்கறதில்லைன்னு முடிவு பண்ணிக்கிட்டு நடந்தேன்.

4

கடைவீதிக்கு வந்தா என் கடை வாசல்ல கூட்டம். மூடியிருக்க வேண்டிய கடை. கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டு லயத்துப் பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க. கூட்டத்துக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். என் இடத்துல பெட்டி மேல உக்காந்து சிவகாமி நிறுக்கிறா. தராசு என்னோடது, கல்லு அவளோடது. ஆத்துக் கல்லு. சண்முகம் வாசல்ல நின்னு, "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னால எடம் இருக்கு"ன்னு ஆளு ஏத்திக்கிட்டு இருக்கான். மீனாட்சி உள்ள பொட்டலம் கட்டுறா.

"இந்தாங்க கொசுறு"ன்னு ஒரு பிடி மிளகாய் போட்டா சிவகாமி.

கருப்பாயின்னு ஒரு அம்மா, நான் கடை போட்ட நாள்ல இருந்து வர்றவங்க, கொழுந்து எடுக்குறவங்க. "இது எதுக்கு பாப்பா?"ன்னாங்க.

"இது முத்திரை இல்லாத கல்லு. சந்தேகம் இருந்தா அதுக்கு."

"சந்தேகமே இல்ல. இன்னிக்குத்தான் சரியா இருக்கு"ன்னாங்க கருப்பாயி, பொட்டலத்தை உள்ளங்கையில வச்சுத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டே.

எனக்குக் காது சுட்டுச்சு. நகர்ந்து போயிடலாம்னு பாத்தேன். சண்முகம் பாத்துட்டான்.

"அப்பா வந்தாச்சு. வழி விடுங்க."

சிவகாமி என்னைப் பாத்ததும் எந்திரிக்கல. "கல்லு வந்துருச்சாப்பா? குடுங்க, சரி பாப்போம்"ன்னா. திங்கக்கிழமை பழக்கம். புது ரெண்டு ராத்தலை ஒரு தட்டுல வச்சா, அவ கல்லை மறு தட்டுல வச்சா. முள்ளு நடுவுல நின்னுச்சு. கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு.

"இது புதுசாச்சே. பழசு எங்கப்பா? ஊர்க் கல்லு?"

"அது... நடந்து நடந்து இளைச்சுப் போச்சு பாப்பா"ன்னேன். யாராவது சிரிப்பாங்கன்னு பாத்தேன். யாரும் சிரிக்கல. என் தமாஷுக்கு இப்படி ஆனதே இல்ல. அவ கையை நீட்டிக்கிட்டே இருக்கா. பதினொரு வயசுக் கை. நான்தானே சொல்லிக் குடுத்தேன், பாக்கணும், பாத்ததைச் சொல்லணும்னு.

மடியை அவுத்து எடுத்து நானே தட்டுல வச்சேன். தட்டு மேல போச்சு. எல்லாருக்கும் தெரியட்டும்னு கல்லைக் கவுத்துக் குழியைக் காட்டினேன். "இருபத்தஞ்சு வருஷமா இதுலதான் நிறுத்தேன். சத்தியமா எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுக்கும் வெக்கமா இருக்கு"ன்னேன்.

கருப்பாயி பொட்டலத்தை மடியில கட்டிக்கிட்டே பேசினாங்க. "எங்களுக்குத் தெரியும் மொதலாளி."

"தெரியுமா?"

"லயத்துல தராசு இல்ல. கையி இருக்குல்ல? நாள் பூரா கொழுந்து எடுக்கிற கையி. தோட்டத்துத் தராசு எத்தனை ராத்தல் வெட்டுதுன்னு கூடையைத் தூக்கும்போதே சொல்லிடுவோம். உங்க பொட்டலம் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா வந்தீங்க? நானா கடை பக்கத்துலதானே இருக்கு?"

"நானா சரியாத்தான் நிறுப்பாரு. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. இங்க வந்தா நீங்க ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வெப்பீங்க. வாரம் பூரா அந்தச் சிரிப்புதான். ஒரு பிடி போனா அதுக்குக் கூலின்னு விட்டுட்டோம்." பின்னால நின்ன பொம்பளைங்களைத் திரும்பிப் பாத்துட்டு மெதுவாச் சொன்னாங்க: "எல்லா வாரமும் அவ்வளவு தமாஷா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது."

அப்பத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், கொஞ்சம் லேட்டா.

5

மறுநாள் திங்கக்கிழமை. தாழ்வாரத்துல வட்டமா உக்காந்தோம். இந்தத் தடவை கேள்வி கேட்டது சிவகாமி. முதல் ஆளா என்னைக் கேட்டா. "நீங்க என்னப்பா பாத்தீங்க?"

"கல்லோட அடியைப் பாத்தேன்."

"அப்புறம்?"

நான் முன்னால கிடந்த தேயிலைக் கொட்டையை வரிசையா அடுக்க ஆரம்பிச்சேன். நானா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அன்னிக்கு மிச்சம் இருந்த நாலாவது வார்த்தையை என் மேல செலவழிச்சாரு: "சொல்லுங்க."

"என் தமாஷு ஒரு பிடி மிளகாய் விலைக்குப் போயிருக்கு. அவ்வளவு பெறாது"ன்னேன்.

"சரி"ன்னா சிவகாமி, வாத்தியார் மாதிரி. அப்புறம் முடிவு சொன்னா: ஞாயித்துக்கிழமை வர்ற பழைய ஆளுங்களுக்கு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பிடி. சரியான கல்லுக்கு மேல. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன்.

"நீங்க எத்தனை வருஷம் குறைச்சீங்களோ அத்தனை வருஷத்துக்கு."

அப்பிடிப் பாத்தா எனக்கு எழுபது தாண்டிடும். சித்திரைத் திருவிழாவுக்கு என்னை எதிர்பாத்துக்கிட்டு இருக்கிறவங்க வாசல்ல நிக்க வேணாம். பதுளைக்கு ரயில் வரப் போகுதுங்கிறாங்க, அப்ப போறது சுலபமாம். வரட்டும். போறது எப்பவும் சுலபமாத்தான் இருந்துச்சு. மாமாவைப் பத்தி நான் எழுதினதைப் படிச்சு அவரு பிள்ளைங்க கோவிச்சுக்க வேணாம். இந்தப் பனியில கடை திறக்கிறப்ப இப்பவும் அவரு கைதான் நெனப்புக்கு வருது. அதை நிறுத்தத் தெரியல.

கல்லை என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. கடையில வச்சா தண்டம். தூக்கிப் போட மனசு வரல. "உங்க கடைக்கு வச்சுக்கோ பாப்பா, விளையாட்டுக்குத்தானே"ன்னு நீட்டினேன்.

அவ வாங்கல. "விளையாட்டுக்குக்கூட வேணாம்ப்பா. எங்க கடையில கல்லெல்லாம் சரியான கல்லு."

சண்முகம்தான் வந்து வாங்கிக்கிட்டான். அவன் மோட்டார் தாழ்வாரத்துச் சரிவுல தானா பின்னால உருண்டு போகுதாம். சக்கரத்துக்கு அடியில முட்டுக் குடுக்க ஏதாவது கனமா வேணுமாம். குழி கீழ போற மாதிரி வச்சுப் பாத்தான்.

வண்டி நகரல.